புதுசாக எடுத்த 660 சிசி: இரண்டு மாதம், 2,900 கிலோமீற்றர்

உப்புவெளிக்காரன்
இலங்கையில் 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள். இடைப்பட்ட ஐந்து வருடமும் நாங்கள் மூன்று பேரும் ஸ்கூட்டரில் நனைந்ததுதான் மிச்சம். கடைசியில் ஜப்பானில் கொஞ்சம் ஓடி, இங்கே பதிவு செய்யாமல் வந்த 660 சிசி பெட்டிக் கார் ஒன்று எடுத்தேன். பெயர் போட்டால் பிராண்ட் சண்டை தொடங்கிவிடும், வேண்டாம்.

ஜப்பான் சட்டப்படி இந்த வகைக் கார் 3.4 மீற்றர் நீளத்தையும் 1.48 மீற்றர் அகலத்தையும் தாண்டக்கூடாது. திருகோணமலை மத்திய வீதியில் சனிக்கிழமை காலை ஓடிப் பார்த்தால் அந்த அளவின் அருமை தெரியும். கோட்டை வாசல் தாண்டி கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது ஒரு மான் குறுக்கே வந்தது. நான் மிதிக்க முதலே கார் கீச்சென்று கத்தித் தானாகப் பிரேக் பிடித்தது. மான் அசையவில்லை, எனக்குத்தான் நெஞ்சு படபடத்தது.

சாவி போட்டதும் ஒரு ஜப்பான் பெண் குரல், நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகவில்லை என்று சொல்லும். மகள் இப்போது அதை அப்படியே சொல்கிறாள். ரேடியோதான் சரியில்லை. அவர்களுடைய எஃப்எம் 76 இல் தொடங்கி 90களிலேயே முடிகிறது, நம்முடையது 108 வரை போகிறது. பாதி அலைவரிசை கிடையாது.

ஐந்து ஸ்ரீ
வாழ்த்துகள் தம்பி. ஆனால் கொடுத்த காசுக்கு இது காரா, தகரப் பேணியா? டர்போ இல்லாத 660க்கு ஐம்பது குதிரைச்சக்தி அளவில்தான் இருக்கும். நாலு பேர், ஏசி, டிக்கியில் சாமான். இதோடு கந்தளாய் தாண்டி ஒரு மணல் டிப்பரை முந்திக் காட்டுங்கள், பார்ப்போம். இதைவிட மலிவாக நல்ல 1300 சிசி பழசு எடுத்திருக்கலாம்.

நிலாவெளி டீச்சர்
அண்ணை, டிப்பரை முந்தாவிட்டால் என்ன? 2022 இல் கியூஆர் காட்டிப் பெற்றோல் பங்கீட்டில் எடுத்த காலத்தை மறந்துவிட்டீர்களா? காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். என் பழைய 1300 சிசி கார் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடும். மொத்தம் 220 கிலோமீற்றர். கொழும்பு 260, போய்ச் சேரவே காணாது. அன்றைக்கு என்னிடம் இந்தப் பேணி இருந்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

ஹபரணை ஓட்டம்
நான் வாடகைக்கு ஓடுகிறவன், இந்த வகையில் இரண்டு பார்த்தாயிற்று. சந்தியில் நின்றால் எஞ்சின் தானாக நின்றுவிடும், அதோடு ஏசி குளிரும் போய்விடும். நம்ம ஊர் மத்தியான வெயிலில் கொஞ்ச நேரத்திலேயே எஞ்சின் திரும்ப எழும்பிவிடும், அப்போ என்ன மிச்சம்? அதற்கென்று வருகிற பற்றரியும் விலை கூட. ஏறியதும் எஞ்சினை நிறுத்தும் அந்த வசதியைப் பட்டனை அழுத்தி அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அணைக்க வேண்டும், நினைவில் நிற்காது.

அப்புறம் மைலேஜ் திரையை நம்பாதீர்கள்.

உப்புவெளிக்காரன்
திரையை நம்பவில்லை. முழுதாக நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பிப் பார்த்தேன். கொழும்புப் பயணத்தில் திரை லீற்றருக்கு 23.4 கிலோமீற்றர் காட்டியது, கணக்கு 19.1. ஊருக்குள் 15. தாங்கி 27 லீற்றர்தான், அடிக்கடி பெற்றோல் செட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

டிப்பர் விஷயத்தில் அண்ணை சொன்னது உண்மை. ஒன்றின் பின்னால் பத்து நிமிடம் போனேன். எஞ்சின் அழுகிறது, வேகம் வரவில்லை. அந்தப் பாதையில் யானை நிற்கும் என்பதால் இருட்டில் எப்படியும் நான் விரட்டமாட்டேன்.

ஐந்து ஸ்ரீ
சரி, அதை ஒத்துக்கொண்டீர்கள். என் பெரிய பயம் உப்பு. கடலுக்கு முந்நூறு மீற்றரில் வீடு, தகரமோ மெல்லிசு. அடிப்பக்கம் பூச்சு அடித்தீர்களா?

உப்புவெளிக்காரன்
விற்ற இடத்தில் அடித்துத் தந்ததாகச் சொல்லிக் காசும் எடுத்தார்கள்.

ஐந்து ஸ்ரீ
சொன்னதை விடுங்கள், குனிந்து பார்த்தீர்களா? ஞாயிறு காலை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், ஜாக்கும் ஸ்டாண்டும் இருக்கிறது.

உப்புவெளிக்காரன்
திங்கள். நேற்றுப் போனேன். முன்பக்கம் கறுப்பாகப் பூசியிருக்கிறது. பின் சில்லு வளைவுக்குள் பூச்சு ஒரு துளியும் இல்லை, வெறும் தகரம். சைலன்சர் பிடிக்கும் இரண்டு ஆணியிலும் செம்மஞ்சள் துரு, விரலால் தேய்த்தால் கையோடு வருகிறது. இரண்டு மாதத்தில்! அண்ணையே கம்பித் தூரிகையால் சுரண்டிப் பூசிவிட்டார், தேத்தண்ணியும் தந்தார்.

ஐந்து ஸ்ரீ
கிழமைக்கு ஒருக்கால் நல்ல தண்ணியில் அடிப்பக்கம் கழுவுங்கள். வீட்டுக் கிணறு உவர் என்றால் அதில் வேண்டாம். ஓட்டியும் பார்த்தேன், ஊருக்குள் சுகமாகத்தான் இருக்கிறது. விலை விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

நிலாவெளி டீச்சர்
அண்ணை, என் காரையும் ஜாக்கில் ஏற்றுவீர்களா?