மார்கழியில் எண்ணெய்க் குளியலும் விடியல் அமைதியும்: எது முதலில்?

நொய்யல்கரை:
கோவையில் இருக்கிறேன். மார்கழி பிறந்ததும் சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும், விடியலில் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவும் எண்ணம். இரண்டையும் ஒரே காலையில் எப்படி வைத்துக்கொள்வது? எண்ணெய் எவ்வளவு, எவ்வளவு நேரம் ஊற வேண்டும்? சளி பிடிக்கும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.

செக்கடி:
இந்த மாதத்தில் விடிகாலை எண்ணெய் வேண்டாம். வெயில் ஏறட்டும், எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் தலைக்கு ஒன்றரை மேசைக்கரண்டி, உடம்புக்கு மூன்று. அடுப்பில் நேரடியாகக் காய்ச்சாமல், கிண்ணத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். மிளகு, சீரகம் பொரித்துப் போட்டால் வடிகட்டிவிடுங்கள், துணுக்கு கண்ணில் பட்டால் எரியும். ஊறல் 20 நிமிடம். ஒரு மணி நேரம் ஊறினால் நடுக்கம்தான் மிச்சம்.

பலரும் சறுக்குவது கழுவுவதில்தான். தலையை நனைத்த பிறகு சீயக்காய் போடுகிறார்கள், எண்ணெய் போகாது. மூன்று மேசைக்கரண்டி சீயக்காயை வெதுவெதுப்பான வடிகஞ்சியில் குழைத்து, நனைக்காத தலையிலேயே தேய்க்க வேண்டும், பிறகுதான் தண்ணீர். ஆறிய நீரில் பிசுக்கு விடாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலோ தோலின் சொந்த எண்ணெயும் போய், மாலைக்குள் முழங்காலில் வெள்ளை வரி விழும்.

வெண்பனி:
சளி வைரஸால் வருவது, எண்ணெயால் அல்ல. ஆனால் ஈரத்தலையோடு வாசலில் நிற்காதீர்கள். சாம்பிராணிப் புகை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. துண்டால் ஒற்றி, வெயிலில் உலர்த்தலாம். பொடுகு அதிகமுள்ளவர்கள் எண்ணெயை ஊறவே விட வேண்டாம், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி. கைக்குழந்தைக்கு மூக்கிலோ காதிலோ எண்ணெய் விடவே கூடாது. நுரையீரலுக்குப் போனால் ஆபத்து.

இன்னொன்று, எல்லாரும் மறப்பது: கேஸ் கீசர் உள்ள குளியலறையில் குளிருக்குப் பயந்து ஜன்னலை அடைக்காதீர்கள். கேஸ் எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது. வாட்டர் ஹீட்டர் ராடு என்றால் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே வாளியில் கை வைக்க வேண்டும்.

திண்ணை:
உட்காருவதுதான் முதலில். கோவையில் மார்கழித் தொடக்கத்தில் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் உதிக்கும், தையில் இன்னும் தள்ளிப்போகும். ஐந்தரைக்கு எழுந்தால் ஒரு மணி நேர இருட்டு உங்களுடையது. வெறும் தரையில் உட்காராதீர்கள், இடுப்பு பிடித்துக்கொண்டு பத்தே நிமிடத்தில் எழுப்பிவிடும். பலகை மேல் மடித்த போர்வை நல்லது. நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மூச்சு விடுங்கள். பத்துச் சுற்று போதும், தலை சுற்றினால் எண்ணுவதை விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். பிறகு பதினைந்து நிமிடம் சும்மா. கோயில் ஒலிபெருக்கி பாடத்தான் செய்யும், இந்த மாதத்தில் அதைத் தவிர்க்க முடியாது, அதையே கேட்டுக்கொண்டிருங்கள். அலாரம் வைத்த போன் பக்கத்து அறையில் இருக்கட்டும்.

நொய்யல்கரை:
எண்ணெய் ஊறும் 20 நிமிடத்திலேயே உட்கார்ந்துவிட்டால் என்ன?

திண்ணை:
நெற்றியில் வழிவதைத் துடைப்பதிலேயே கவனம் போய்விடும். குளித்த பிறகு உட்கார்ந்தாலோ தூக்கம் சொக்கும்.

செக்கடி:
ஊறும் நேரத்தைக் காலுக்குக் கொடுங்கள். குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் வெடிப்பு இளகும். ஆனால் டைல்ஸில் எண்ணெய்க் காலோடு நடக்காதீர்கள், பழைய சாக்கை விரித்து அதன் மேலேயே உட்காருங்கள். மதியத்துக்கு மிளகு ரசம், சூடான சோறு. அன்றைக்குப் பகல் தூக்கம் வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுவிடுங்கள்.