தல்லாகுளம் வீடு குழு: இயந்திரத்தோடு காதல்

சுந்தரம்: "ஜப்பானில் பொம்மைக்குத் தாலி கட்டிய வாலிபர்! கலி முற்றிவிட்டது. பத்துப் பேருக்கு அனுப்பவும்."

சுந்தரம்: நடைப்பயிற்சி நண்பர்கள் குழுவில் வந்தது. உண்மையா? நிவேதா, நீதானம்மா உளவியல் படித்தவள்.

நிவேதா: பாதி உண்மை அப்பா. தாலி எல்லாம் இல்லை. செய்தியும் பழசு. அகிஹிகோ கோண்டோ என்பவர் 2018 நவம்பரில் டோக்கியோவில் ஹட்சுனே மிகு என்ற கற்பனைப் பாடகியைத் திருமணம் செய்துகொண்டார். மேடையில் கையில் ஒரு பொம்மை இருந்தது. வீட்டில் கேட்பாக்ஸ் என்ற கண்ணாடிக் கருவிக்குள் மிகுவின் உருவம் ஒளியில் தெரியும், இரண்டொரு வார்த்தை பேசும். சட்டப்படி அது திருமணம் ஆகாது. அவருடைய அம்மாவும் வரவில்லை.

மாலதி: எப்படி வருவார்? பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும்.

நிவேதா: கோண்டோ பட்ட பாடும் இருக்கிறது அத்தை. வேலை இடத்தில் சக ஊழியர்கள் கொடுமைப்படுத்தியதில் மனம் உடைந்து வீட்டோடு கிடந்தவர். மிகுவின் பாட்டுதான் மீட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் 2020 மார்ச்சில் கேட்பாக்ஸ் நிறுவனம் மிகுவுக்கான சேவையை நிறுத்திவிட்டது. அதன் பிறகு அவர் கூப்பிட்டால் இணைப்புக் கோளாறு என்றுதான் வரும். கல்யாணத்தைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

விஜயா: ஐயோ பாவம்.

கார்த்திக்: இங்கே சான் ஹோசேயில் என் அலுவலகத்திலும் இந்தப் பேச்சுதான் மாமா. ரெப்ளிகா செயலி கேள்விப்பட்டிருப்பீர்கள், மனிதர் மாதிரி நம்மோடு அரட்டை அடிக்கும் ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு. அதைத் தொடங்கிய யூஜீனியா குய்டாவின் நண்பர் 2015-ல் மாஸ்கோவில் விபத்தில் இறந்தார். அவர் அனுப்பியிருந்த பழைய செய்திகளை வைத்து, அவர் மாதிரியே பதில் சொல்லும் ஒன்றை அந்தப் பெண் உருவாக்கினார். துக்கத்தில் தொடங்கிய வேலை. அப்புறம் 2017-ல் ரெப்ளிகா வந்தது. லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். பலருக்கு அது காதலி, காதலன், மனைவி.

கார்த்திக்: 2023 பிப்ரவரியில் இத்தாலியின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், இது சிறுவர்களுக்கு ஆபத்து என்று சொல்லி, அந்த நாட்டு மக்களின் தகவல்களைக் கையாளத் தடை போட்டது. அதே மாதம் நிறுவனம் நெருக்கமான பேச்சை எல்லோருக்குமே முடக்கியது. முந்தின நாள் வரை கொஞ்சியது, மறுநாள் வேறு ஏதாவது பேசலாம் என்று விலகியது. பயனர்கள் மத்தியில் தற்கொலைத் தடுப்பு உதவி எண்களைப் பகிர வேண்டிய நிலை வந்தது. மார்ச்சில் பழைய பயனர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். 2025-ல் இத்தாலி 50 லட்சம் யூரோ அபராதமும் விதித்தது.

சுந்தரம்: அப்படியென்றால் ஒருவரின் மனைவி எப்படிப் பேச வேண்டும் என்பதை எங்கோ ஓர் அலுவலகத்தில் கூட்டம் போட்டு முடிவு செய்கிறார்கள்.

நிவேதா: அதேதான் அப்பா. எல்லோரும் அந்த மனிதர்களைத்தான் கேவலமாகப் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை.

மாலதி: நிவி, நீ சொல்வது சரி. ஆனாலும் என்னால் ஒப்ப முடியவில்லை. ஹாஸ்டலில் இத்தனை பெண்களைப் பார்க்கிறேன். அன்பு என்றால் எதிரில் இருப்பவருக்கும் வலிக்க வேண்டும். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுக்க ஓர் ஆள் வேண்டும். நாம் ஒன்று சொன்னால் முகம் வாட வேண்டும். இதற்கு எதுவும் வலிக்காதே.

விஜயா: அண்ணி, வலிக்காது என்பதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடமே சொன்னான். "மிஸ், அது திட்டாது. ராத்திரி இரண்டு மணிக்கும் பதில் சொல்லும்." அப்பா வெளிநாட்டில், அம்மாவுக்கு இரண்டு வேலை. அவனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

நிவேதா: கண்டிக்காதீர்கள் சித்தி. இது முட்டாள்தனமும் இல்லை. 1966-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற கணினி நிரலை எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவர் அதை எழுதுவதைக் கூடவே பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு பேசும்போது அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். காது கொடுத்துக் கேட்பது போல் ஒன்று இருந்தால் மனம் இளகிவிடும்.

சுந்தரம்: அமெரிக்காவில் பொதுவாக மக்கள் என்ன நினைக்கிறார்கள் கார்த்தி?

கார்த்திக்: பியூ ஆய்வு மையம் 2025-ல் கேட்டது மாமா. நல்ல உறவுகளை உண்டாக்கிக்கொள்ளும் திறனை ஏஐ கெடுக்கும் என்றவர்கள் 50 சதவீதம். வளர்க்கும் என்றவர்கள் 5 சதவீதம். இரண்டு பேர் காதலிப்பார்களா என்று சொல்வதில் அதற்கு வேலையே கூடாது என்று சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சொன்னார்கள். ஆனால் அதே ஆண்டு காமன் சென்ஸ் மீடியா என்ற அமைப்பு கேட்டதில், 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 72 சதவீதம் பேர் இப்படிப்பட்ட ஏஐ துணையை ஒரு தடவையாவது பயன்படுத்தியிருக்கிறார்கள்.

சுந்தரம்: நாம் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்துத்தானே நம் பக்கம் பேச்சையே தொடங்குகிறோம்.

மாலதி: அது வேறு அண்ணா. பொருத்தம் பார்த்த பிறகு நேரில் போய் உட்கார்ந்து பேசுகிறோமே.

திவ்யா: இப்போது அந்தப் பேச்சும் மாறிவிட்டது அத்தை. போன மாதம் வந்த வரன் எனக்கு எழுதிய செய்திகள் அவ்வளவு அழகு. என் வேலை, எனக்குப் பிடித்த ஊர், எல்லாவற்றையும் பற்றி எழுதினார். போனில் பேசியபோது எழுதியது எதுவுமே அவருக்கு நினைவில்லை. கேட்டேன். ஏஐயில்தான் எழுதினேன், எல்லோரும் அப்படித்தானே என்றார். கெட்டவர் இல்லை, பயம். தப்பும் தவறுமாக இரண்டு வரி எழுதியிருந்தால் போதுமே என்று இருந்தது. அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

விஜயா: சொல்லியிருக்கலாமே கண்ணு. ஜாதகம் சரியில்லை என்றல்லவா நினைத்தேன்.

மாலதி: இதைத்தான் சொன்னேன் திவ்யா. அந்தப் பையனுக்கும் இது கெடுதல். யாருக்காவது தானே யோசித்து ஒரு வரி எழுதும் பழக்கமே போய்விடும்.

கார்த்திக்: விஜயா அத்தை, அந்த மாணவனைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரிடாவில் 14 வயதுப் பையன் ஒருவன் கேரக்டர் ஏஐ என்ற செயலியில் ஒரு கற்பனைக் கதாபாத்திரத்தோடு மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தான். 2024 பிப்ரவரியில் தற்கொலை செய்துகொண்டான். அவன் அம்மா அக்டோபரில் வழக்குப் போட்டார். 2025 நவம்பரில் அந்த நிறுவனம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த உரையாடலை நிறுத்தியது. கலிஃபோர்னியாவும் எஸ்.பி. 243 என்று சட்டம் போட்டது. பேசுவது சிறுவர் என்று தெரிந்தால், நீ பேசுவது மனிதரோடு இல்லை, கொஞ்சம் ஓய்வெடு என்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை நினைவூட்ட வேண்டும்.

விஜயா: இங்கே எங்களுக்கு யார் சொல்வார்கள்? சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது. நிவி, அரைப் பக்கத்தில் எளிய தமிழில் எழுதித் தருகிறாயா? பிள்ளையை அசிங்கப்படுத்தாமல் எப்படிக் கேட்பது என்பதுதான் முக்கியம்.

நிவேதா: நாளை இரவுக்குள் தருகிறேன் சித்தி. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐயும் சேர்க்கிறேன். இலவசம், தமிழிலும் பேசலாம். இந்தச் செயலிகளில் பிள்ளைகள் கொட்டும் ரகசியம் எங்கே போகிறது என்றும் ஒரு வரி வேண்டும். 2024-ல் மோசில்லா என்ற அமைப்பு 11 ஏஐ காதல் செயலிகளைச் சோதித்து, பதினொன்றுக்குமே தனியுரிமை எச்சரிக்கை கொடுத்தது.

மாலதி: எனக்கும் ஒரு நகல் அனுப்பு. ஹாஸ்டல் பலகையில் ஒட்டுகிறேன்.

நிவேதா: பலகையில் வேண்டாம் அத்தை. சாப்பாட்டு நேரத்தில் நீங்களே பேசுங்கள்.

மாலதி: சரி. பேசுகிறேன்.