மறு: ‘புள்ளியியல் முக்கியத்துவம்’ என்ற சொல்லை மாற்றலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> புழங்கிவிட்ட சொல்லை இப்போது எதற்குக் கலைக்க வேண்டும்?

‘புள்ளியியல் முக்கியத்துவம்’ (ஆங்கிலத்தில் ‘ஸ்டாடிஸ்டிகல் சிக்னிஃபிகன்ஸ்’: கிடைத்த வேறுபாடு வெறும் தற்செயலால் எளிதில் வரக்கூடியதல்ல என்று கணக்கு காட்டுவது) புழங்கிவிட்டது உண்மைதான். ஆனால் உளவியல் படிக்க வருகிறவர்கள் இந்தச் சொல்லிலேயே தடுக்கி விழுவதை வகுப்பில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நினைவாற்றல் பயிற்சி பெற்ற 1000 பேர், பெறாத 1000 பேர். நூறு மதிப்பெண் தேர்வு. திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு, 10. சராசரிகளுக்கு இடையே வேறுபாடு ஒரே ஒரு மதிப்பெண். டி மதிப்பு (தற்செயல் ஏற்ற இறக்கத்தைப்போல் வேறுபாடு எத்தனை மடங்கு என்பது) 2.24 வருகிறது, பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவோ இதைவிட அதிகமாகவோ வரும் வாய்ப்பு) ஏறத்தாழ 0.025. உடனே மாணவர் “முக்கியமான வேறுபாடு காணப்பட்டது” என்று எழுதிவிடுகிறார். நூற்றுக்கு ஒரு மதிப்பெண்ணில் என்ன முக்கியம்?

இப்போது அதே தேர்வு, அதே திட்ட விலக்கம், ஆனால் குழுவுக்கு 12 பேர்தான். வேறுபாடு 7 மதிப்பெண். டி மதிப்பு 1.71, பி மதிப்பு 0.10 அளவில் நிற்கிறது. “முக்கியத்துவம் இல்லை” என்று எழுதி மூடிவிடுகிறார்கள். ஏழு மதிப்பெண் வித்தியாசம் உண்மையாகவே இருந்தால் அது பெரிய விஷயம். ஆள் போதாததால்தான் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லவேண்டிய இடத்தில் நம் சொல் நேர்மாறாகப் பேசுகிறது.

ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு. புள்ளியியலாளர் எட்ஜ்வொர்த் 1885-இல் ‘சிக்னிஃபிகன்ட்’ என்ற சொல்லைப் புள்ளியியலில் கையாண்டபோது, வேறுபாடு எதையோ சுட்டுகிறது என்ற பொருள்தான் இருந்தது. ‘முக்கியம்’ என்ற பொருள் பேச்சுவழக்கிலிருந்து வந்து அதன்மேல் ஏறிக்கொண்டது. நாம் அந்தப் பிற்காலப் பொருளை மட்டும் பிடித்து மொழிபெயர்த்துவிட்டோம்.

> ‘பொருளுடைமை’ அல்லது ‘தற்செயலன்மை’ என்று வைக்கலாமே?

பொருளுடைமை என்றால் எனக்குச் சொத்துதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தற்செயலன்மை அழகான சொல். ஆனால் அது இன்னொரு தவறைக் கற்றுக்கொடுத்துவிடும். புள்ளியியலாளர் ஃபிஷர் 1935-இல் எழுதிய தேநீர்ச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில் ஊற்றியது, நான்கில் தேநீர் முதலில். பால் முதலில் ஊற்றிய நான்கை ருசித்தே கண்டுபிடிக்க வேண்டும். எட்டிலிருந்து நான்கைப் பிரித்தெடுக்க 70 வழிகள் உண்டு. ருசியே தெரியாமல் குத்துமதிப்பாகச் சொல்பவரும் 70-இல் ஒரு முறை எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடுவார். பி மதிப்பு 0.014, சோதனையில் தேறிவிட்டார். ஆனால் அது தற்செயல் அல்ல என்று நிரூபணமாகிவிட்டதா? இல்லை. வெறும் தற்செயல் என்று வைத்துக்கொண்டால் இப்படி நேர்வது அரிது, அவ்வளவுதான். 

ஆகவே சோதனை உண்மையில் எதைச் செய்கிறதோ அதை மட்டும் சொல்லும் சொல் வேண்டும். தற்செயலாக இவ்வளவு ஏற்ற இறக்கம் வரலாம் என்று முன்கூட்டியே ஒரு கோடு போடுகிறோம். கிடைத்த வேறுபாடு அதைத் தாண்டியதா என்று பார்க்கிறோம். எனவே என் பரிந்துரை: அந்தக் கோட்டுக்குத் தற்செயல் வரம்பு, அதைக் கடந்ததற்கு வரம்பு தாண்டிய வேறுபாடு.

> வரம்பு மீறினான் என்றால் ஒழுங்கு தவறினான் என்றல்லவா ஆகிறது? அப்புறம், பி மதிப்பு குறையத்தானே செய்கிறது, தாண்டுவது எப்படி?

முதல் கேள்வி சரியானது. அதனால்தான் ‘மீறிய’ என்பதை விட்டு, ‘தாண்டிய’ என்று வைத்தேன். இரண்டாவதற்கு: தாண்டுவது வேறுபாடு, பி மதிப்பு அல்ல. மேலே முதல் கணக்கில், தற்செயலாகத் தாண்டும் வாய்ப்பு 0.05 (நூற்றில் ஐந்து) ஆகும்படி வரம்பு வைத்தால், டி மதிப்பு 1.96-ஐத் தாண்டவேண்டும், 2.24 தாண்டிவிட்டது. 12 பேர் கணக்கில் 2.07-ஐத் தாண்டவேண்டும், 1.71 எட்டவில்லை. “வரம்பை எட்டவில்லை” என்று எழுதினால், ஆட்கள் கூடினால் எட்டுமோ என்ற கேள்வி படிப்பவருக்குத் தானாக எழும். “முக்கியத்துவம் இல்லை” என்பதில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றும் ஆதாயம் ஒன்று உண்டு: ‘முக்கியத்துவம்’ விடுதலையாகிறது. மனச்சோர்வுக்கான சிகிச்சை ஆய்வுகளில் இது உயிரான விஷயம். மனச்சோர்வை அளக்கும் பெக் அளவுகோலில் மொத்தம் 63 புள்ளிகள். ஒரு புள்ளி இறங்கியது, ஆயிரக்கணக்கானோர் பங்கேற்றதால் வரம்பையும் தாண்டியது என்று வையுங்கள். சிகிச்சை பெற்றவர் காலையில் எழுந்து வேலைக்குப் போக முடிகிறதா, தூக்கம் வருகிறதா? அந்தக் கேள்விக்குத்தான் ‘முக்கியத்துவம்’ வேண்டும். “வேறுபாடு வரம்பைத் தாண்டியது, ஆனால் முக்கியத்துவம் குறைவு” என்று தமிழில் ஒரே வாக்கியத்தில் முரணில்லாமல் எழுதலாம். பழைய சொல்லை வைத்துக்கொண்டு இதை எழுதிப் பாருங்கள், சிக்கல் புரியும்.

ஒட்டாத இடமும் இருக்கிறது. அட்டவணைத் தலைப்புக்கு ஒற்றைச் சொல் கேட்கிறார்கள். ‘வரம்புதாண்டல்’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை. யாருக்காவது நல்லதாக ஒன்று தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்