ரெக்ரஷனுக்கு முன்னால் இருக்கும் வேலை: நிஜக் குடும்பங்களின் கணக்கோடு பழகிய அனுபவங்கள்

சென்னை, முதுகலைப் பொருளாதாரம் கற்பிப்பவர்

வணக்கம் நண்பர்களே. வகுப்பில் எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் பாடம்) நன்றாகவே வருகிற பிள்ளைகள், நிஜக் குடும்பங்களின் தரவைக் கையில் கொடுத்ததும் திகைத்து நிற்பதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். அவரவர் அனுபவத்தை இங்கே எழுதினால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும். நான் அரிசியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு மாணவி ஆய்வேட்டுக்காக என்.எஸ்.எஸ். என்ற தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 68-வது சுற்றில் எடுத்த நுகர்வுச் செலவுத் தரவை எடுத்தார். 2011 ஜூலை முதல் 2012 ஜூன் வரை நடந்த கணக்கெடுப்பு அது. விலை ஏறினால் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அரிசியை எவ்வளவு குறைக்கும் என்பது அவருடைய கேள்வி. அந்தப் படிவத்தில் விலை என்று தனியாகக் கேட்பதில்லை. எத்தனை கிலோ, எத்தனை ரூபாய், அவ்வளவுதான். ரூபாயைக் கிலோவால் வகுத்து, வந்ததை விலை என்று வைத்து ரெக்ரஷன் ஓட்டினார், அதாவது விலைக்கும் வாங்கிய அளவுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டார். விலை கொஞ்சம் ஏறினாலே மாநிலம் பாதிச் சோற்றை விட்டுவிடும் என்கிற மாதிரி ஒரு நெகிழ்ச்சி (விலை ஒரு சதவீதம் ஏறினால் அளவு எத்தனை சதவீதம் குறையும் என்ற எண்) வந்தது. பக்கத்தில் மூன்று நட்சத்திரம் வேறு, முடிவு தற்செயலாக வந்திருக்காது என்பதற்குப் போடும் அடையாளம்.

2011 ஜூன் 1 முதல் இங்கே ரேஷன் அரிசி இலவசம். படிவத்தில் ரேஷன் அரிசி ஒரு வரி, வெளியில் வாங்கிய அரிசி இன்னொரு வரி. அவர் இரண்டையும் கூட்டிவிட்டார். அப்படிக் கூட்டினால் ரேஷன் அரிசி அதிகம் சாப்பிடும் வீட்டில் கிலோ கூடும், சராசரி விலை இறங்கும். விலையைப் பார்த்து யாரும் எதையும் முடிவு செய்யாவிட்டாலும் இந்தச் சரிவு வரைபடத்தில் வந்தே தீரும். கார்டுக்குக் கிடைக்கும் அளவு போதாமல் கடைக்குப் போகும் வீட்டுக்குக் கடை விலைதான் விலை. இலவச அரிசி அந்த வீட்டுக்குக் கையில் வந்த வருமானம் மாதிரி. இரண்டையும் பிரித்து எழுதியதும் நெகிழ்ச்சி நம்பும்படியான அளவுக்கு இறங்கியது.

அதோடு முடியவில்லை. கடை அரிசியிலும் ஒரு வீடு இட்லி அரிசி வாங்கும், இன்னொரு வீடு பழைய பொன்னி வாங்கும். வகுத்து வருவதில் தரமும் கலந்திருக்கிறது. இதற்குப் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் 1988-லேயே வழி சொன்னார். ஒரே கிராமத்தில், ஒரே சமயத்தில் கேட்கப்பட்ட வீடுகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே சந்தை விலையைத்தான் பார்க்கின்றன. அதனால் கிராமத்துக்குள் தெரியும் வித்தியாசத்தை வைத்துத் தரத்தின் பங்கைப் பிரித்துவிட்டு, கிராமத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து விலையின் விளைவை எடுக்கலாம். 2015-இல் அவருக்கு நோபல் கிடைத்தபோது பேசப்பட்ட வேலைகளில் நுகர்வு பற்றிய ஆய்வும் உண்டு. என்னைக் கேட்டால், நம் ஊர்த் தரவில் கை வைக்கும் ஒவ்வொருவரும் முதலில் படிக்க வேண்டியவர் அவர்.

இன்னொன்று. 2022-23 கணக்கெடுப்பில் தலைக்கு மாதச் செலவு கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459 ரூபாய். இதை 2011-12-ஓடு நேராக ஒப்பிட்டு வறுமை இவ்வளவு குறைந்தது என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். நடுவில் கேட்கும் முறையே மாறியிருக்கிறது. உணவு, அன்றாடச் சாமான்களும் சேவைகளும், நீடித்து உழைக்கும் பொருள்கள் என்று மூன்று படிவங்களாகப் பிரித்து, தனித்தனி மாதங்களில் போய்க் கேட்டார்கள். ஒரே மூச்சில் கேட்டால் களைத்துப்போய் பாதியை விட்டுவிடுகிற குடும்பம், மூன்று தடவையாகக் கேட்டால் கூடுதலாகச் சொல்லும். அந்தக் கூடுதலில் எவ்வளவு வாழ்க்கை உயர்ந்ததால் வந்தது, எவ்வளவு கேட்ட விதத்தால் வந்தது என்று பிரிக்காமல் எழுதுவது சரியில்லை. 1999-2000 சுற்றிலும் இதே பிரச்சினை வந்தது. கடந்த 7 நாள் செலவையும் கடந்த 30 நாள் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டதால் ஒன்று மற்றொன்றை இழுத்துவிட்டது, அதைப் பற்றி வருடக்கணக்கில் விவாதம் நடந்தது.

கோயம்புத்தூர், மின் நுகர்வு ஆய்வு

சார் அரிசியைச் சொன்னார், நான் கரண்ட் பில்லைச் சொல்கிறேன்.

2022 செப்டம்பரில் வந்து பிறகு மாறிய கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25, அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். மொத்தம் 1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் அந்த 2.25 சலுகை போய் அந்த நூறுக்கும் 4.50 ஆகிவிடும், 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய். பில் 1,958. ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்!

எங்களுக்கு இது பொக்கிஷம். மக்கள் விலையைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள் என்றால் 500-க்குச் சற்றுக் கீழே வீடுகள் குவிய வேண்டும், சற்று மேலே பள்ளம் விழ வேண்டும். பாகிஸ்தான் வருமான வரியில் இப்படிப்பட்ட படிகளை வைத்து ஹென்ரிக் கிளெவனும் மஸ்ஹர் வசீமும் 2013-இல் எழுதிய கட்டுரைதான் எங்களுக்கு வழிகாட்டி.

வீட்டுக்காரர்களிடம் அனுமதி வாங்கிப் பில்களைச் சேர்த்து, பத்துப் பத்து யூனிட்டாக அடுக்கிப் பார்த்தோம். குவியல் இருந்தது, ஆனால் கூர்மையாக இல்லை. 500-க்கு மேலே இருந்திருக்க வேண்டிய பள்ளமும் பாதி நிரம்பிக் கிடந்தது. கணினியில் உட்கார்ந்து யோசித்தால் "மக்களுக்கு விலை புரியவில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். வீடு வீடாகப் போய்க் கேட்டபோதுதான் மூன்று விஷயம் தெரிந்தது.

முதலில் வாடகைதாரர்கள். நிறைய வீடுகளில் ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட் போட்டு வாங்கிக்கொள்கிறார். அந்த வீட்டுக்கு 500 என்கிற எல்லையே கிடையாது. பில் தரவில் அந்த வீடும் சொந்த வீடும் ஒரே மாதிரித்தான் தெரியும். சர்வீஸ் நம்பர் பக்கத்தில் குடியிருப்பவர் யார் என்று எழுதியிருக்காது. அடுத்தது, ரீடிங் எடுக்கும் தேதி. அது எப்போதும் சரியாக அறுபது நாளில் விழாது. மீட்டரைத் தினமும் எட்டிப் பார்த்து 490-இல் ஏ.சி.யை நிறுத்துகிற அம்மாவும், ரீடிங் இரண்டு நாள் தள்ளிப்போனால் 500-ஐத் தாண்டிவிடுவார். அவர் விலையை நன்றாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார். மூன்றாவது, ஒரே வீட்டில் இரண்டு மீட்டர். மாடிக்குத் தனி சர்வீஸ் வாங்கிவிட்டால் குடும்பம் 800 யூனிட் ஓட்டினாலும் பில் கணக்கில் இரண்டு சிக்கனமான வீடுகளாகத் தெரியும்.

சொந்த வீடு, ஒரே மீட்டர், ரீடிங் இடைவெளி தெரிந்த பில்கள் என்று பிரித்ததும் குவியல் துலக்கமாக வந்தது. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டி பில்களை வைத்து கொய்ச்சிரோ இட்டோ 2014-இல் காட்டியதையும் சொல்ல வேண்டும். அங்கே மக்கள் கடைசி யூனிட்டின் விலையைப் பார்க்கவில்லை, சராசரி விலையைத்தான் பார்த்தார்கள். இங்கே நான் பேசிய பலரும் மொத்த பில் தொகையைத்தான் சொன்னார்கள், எந்த ஸ்லாபுக்கு என்ன ரேட் என்று சொன்னவர்கள் குறைவு. ஆனால் 500 மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மகளிர் உரிமைத் தொகை வாங்க ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஓடியிருக்கக் கூடாது என்ற எல்லையை வைத்து ஆய்வு செய்ய நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. விதி வருவதற்கு முன்னால் ஓடிய யூனிட்டை யாரும் திருத்த முடியாது, அது நல்ல விஷயம். ஆனால் வருமானம், நிலம் என்று மற்ற எல்லைகளும் உண்டு. 3,600-க்குக் கீழே இருப்பதாலேயே பணம் வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மீட்டர் பிரச்சினை அங்கேயும் வரும்.

யாழ்ப்பாணம்

கோவை நண்பர் ஒரே வீடு இரண்டாகத் தெரிவதைச் சொன்னார். எங்கட பக்கம் மாவட்டங்களே தரவில் இல்லாமல் இருந்தன.

இலங்கையில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் வீட்டலகு வருமான செலவின அளவீட்டில், போர் காரணமாக 2006/07-இல் வட மாகாணம் சேர்க்கப்படவில்லை. 2009/10-இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் இல்லை. 2012/13-இல்தான் 25 மாவட்டங்களும் வந்தன. வறுமை 8.9 சதவீதத்திலிருந்து 6.7-க்கு இறங்கியது என்று 2009/10-ஐயும் 2012/13-ஐயும் கோடு போட்டு இணைத்த வரைபடங்களை நான் நிறையக் கண்டிருக்கிறன். புதிதாகச் சேர்ந்த மாவட்டங்களில் முல்லைத்தீவில் வறுமை 28.8, மன்னாரில் 20.1, கிளிநொச்சியில் 12.7. முதலாவது புள்ளியில் இந்தச் சனங்கள் ஒருவருமே இல்லை.

வருடத்துக்கொரு டம்மி (அந்த வருடத்துக்கு 1, மற்றதுக்கு 0 என்று போடுகிற மாறி) போட்டால் இது சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கினம். ஆகாது. இரண்டு அளவீட்டிலும் உள்ள மாவட்டங்களை மட்டும் வைத்து ஒருதரம் ஓட்டி, எல்லாவற்றையும் சேர்த்து இன்னொருதரம் ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் நான் எழுதுவன். வாசிக்கிற ஆளுக்கு, எங்கட சனம் எப்ப இந்தக் கணக்குக்குள்ள வந்தது என்று தெரிய வேணும்.

திருப்பூர், கள ஆய்வில் இருந்தவர்

பெண்களின் கூலி பற்றி ஒரு அனுபவம். கணக்கெடுப்புக்குப் போன ஒரு வீட்டில் "வேலைக்குப் போறீங்களாக்கா?" என்று கேட்டேன். "இல்லைங்க கண்ணு, வீட்லதான் இருக்கேன்" என்றார். சொல்லும்போதே மடியில் பனியன், கையில் சின்னக் கத்தரி, பக்கத்தில் ஒரு மூட்டை. பிசிர் (தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்) வெட்டிக்கொண்டே பேசுகிறார். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. மில்லுக்கோ கம்பெனிக்கோ போனால்தான் அவருக்கு அது வேலை. "நேத்து காலையிலிருந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று கேட்டதும் எல்லாம் வந்தது.

முதல் பதிலோடு எழுந்திருந்தால் அவர் வீட்டு வேலை மட்டும் செய்பவர் என்ற குறியீட்டில் போயிருப்பார். கணவர் பதில் சொல்லும் வீடுகளில் இது இன்னும் அதிகம்.

வேலை பார்ப்பவர்களின் கூலி மட்டும்தான் நமக்குத் தெரியும் என்பதால் வரும் சாய்வைச் சரிசெய்ய ஹெக்மன் முறையைக் கற்றுக்கொடுக்கிறார்கள். முதலில் யார் வேலைக்குப் போகிறார் என்று ஒரு சமன்பாடு, பிறகு கூலிக்கு இன்னொன்று. பாடத்தில் வரும் 1975-ஆம் ஆண்டு அமெரிக்கத் தரவில் மணமான பெண்கள் 753 பேர், அதில் 428 பேர் சம்பளத்துக்குப் போனவர்கள். வேலைக்குப் போகிறவர், போகாதவர் என்ற கோடு தெளிவாக இருக்கிறது. எங்கள் ஊரில் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறார்கள். யார் வேலையில் இருக்கிறார் என்ற முதல் சமன்பாட்டிலேயே பிழை இருந்தால் இரண்டாவதை எப்படி நம்புவது?

வேலைக்குப் போவதைப் பாதிக்கும், ஆனால் கூலியைப் பாதிக்காத ஒரு காரணம் அந்த முறைக்கு வேண்டும். வீட்டில் மாமியார் இருந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்வார், மருமகள் போக முடியும் என்று அதையே எழுதுகிறார்கள். இங்கே மாமியாரும் கூடவே உட்கார்ந்து வெட்டுகிறார். மூட்டை சீக்கிரம் முடிகிறது, கூலி மருமகள் பெயரில் வருகிறது. மாமியார் இருப்பதால் மணிக்கூலியே கூடித் தெரிகிறது. இதை எப்படிக் கையாள்வது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

சென்னை

அப்படியென்றால் மாமியாரை அந்த இடத்தில் வைக்க முடியாதும்மா, விட்டுவிடுங்கள். உங்கள் தரவில் யார் எத்தனை மணி நேரம் வெட்டினார் என்று இருந்தால், வீட்டின் மொத்தப் பீஸ் கூலியை வீட்டின் மொத்த நேரத்தால் வகுத்து, அந்த வீட்டையே ஒரு அலகாக வைத்துப் பாருங்கள். கம்பெனிக்குப் போகிறவர்களோடு கலக்க வேண்டாம், தனியாகவே ஓட்டுங்கள். நேரம் கேட்கவில்லை என்றால் கூலி விகிதம் பற்றி எதுவும் சொல்லாமல், எத்தனை பெண்கள் முதல் கேள்வியில் "இல்லை" என்றும் இரண்டாவது கேள்வியில் "ஆமாம்" என்றும் சொன்னார்கள் என்ற அட்டவணையை மட்டும் வெளியிடுங்கள். நான் அதை முதலில் படிப்பேன்.