குடும்பக் குழு: மாமாவுக்கு வந்த புதுப் பொறுப்பு

கமலா: எல்லோருக்கும் ஒரு நல்ல சேதி. குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுவில் என் தம்பி முருகேசனைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். லதா இப்போதுதான் போனில் சொன்னாள். மனசு நிறைந்துவிட்டது.

செல்வி: வாழ்த்துகள் மாமா! இனி அங்கே நீங்கள்தான் தலைவரா?

பிரபு: வாழ்த்துகள் மாமா. ஸ்டேட்டஸில் போடட்டுமா?

முருகேசன்: நன்றி. ஸ்டேட்டஸ் மட்டும் வேண்டாம் மாப்பிள்ளை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் பத்திரிகை, சினிமா, இணையம் போன்ற பொதுவெளியில் உறுப்பினரின் பெயரையும் படத்தையும் போடுவதில்லை என்பது, பாரம்பரியம் என்று நாங்கள் சொல்லும் ஏ.ஏ. நெறிகளில் ஒன்று. நாளைக்கு நான் தடுமாறினால், அதைப் பார்த்து உதவி தேடி வருகிற ஒருவர் திரும்பிப் போய்விடக் கூடாது.

முருகேசன்: செல்வி, அங்கே தலைவர் என்று யாருமே கிடையாது அம்மா. இது ஜி.எஸ்.ஆர். பொறுப்பு, அதாவது பொதுச் சேவைப் பிரதிநிதி. எங்கள் குழுவின் கருத்தை மாவட்டக் கூட்டத்தில் சொல்வேன், அங்கே பேசியதை இங்கே வந்து சொல்வேன். 2 வருஷம். அப்புறம் இன்னொருவர்.

பிரபு: நன்றாகச் செய்தால் தொடரலாம்தானே?

முருகேசன்: நன்றாகச் செய்தாலும் இறங்கத்தான் வேண்டும். செயலாளர், பொருளாளர், தேநீர் போடுகிறவர் என எல்லாப் பொறுப்பும் சுழற்சிதான். ஒரே ஆள் உட்கார்ந்துகொண்டால் குழு அவர் பெயரில் ஓட ஆரம்பித்துவிடும். புதிதாக வருகிறவருக்குச் செய்ய வேலையும் இருக்காது. அந்த வேலைதான் எங்களில் பலரைக் குடிக்காமல் பிடித்து வைத்திருக்கிறது.

லதா: அதை நான் கண்ணால் பார்த்தேன். போன புதிதில் இவருக்குக் கொடுத்த வேலை நாற்காலி போடுவது. கொஞ்ச நாளில் ஹால் சாவியையே கொடுத்துவிட்டார்கள். அப்போது நான் பீரோ சாவியை இவர் கண்ணில் காட்டியதே இல்லை. கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிடுவார். "நான் போகாவிட்டால் எல்லோரும் வாசலில் நிற்பார்கள்" என்பார். தன்னை நம்பி யாரோ காத்திருக்கிறார்கள் என்பதே இவரை நிமிர வைத்தது.

கமலா: அந்த நாட்களை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் தம்பி.

பிரபு: ஆமாம் மாமா. ஒரு தொகை அனுப்புகிறேன். பொருளாளர் எண்ணைக் கொடுங்கள்.

முருகேசன்: உன் மனசே போதும் மாப்பிள்ளை. வெளியார் பணத்தை வாங்க மாட்டார்கள். உறுப்பினர்கள் போடும் காசில்தான் குழு நடக்க வேண்டும், அது 7ஆவது பாரம்பரியம். முடிந்தவர் போடுவார், இல்லாதவர் போட வேண்டியதில்லை. வாடகை, தேநீர், புத்தகம் எல்லாம் போகக் கொஞ்சம் கையிருப்பு வைப்போம். மீதி மாவட்டத்துக்கும் பொதுச் சேவை அலுவலகத்துக்கும் போகும். ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1938இல் அமெரிக்கக் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரிடம் 50,000 டாலர் எதிர்பார்த்தார்கள், அவர் தந்தது 5,000. பணம் இந்த முயற்சியைக் கெடுத்துவிடும் என்று அவர் பயந்தார். அவர் அன்றைக்கு அள்ளிக் கொடுக்காததை நான் பெரிய உதவியாக நினைக்கிறேன்.

பிரபு: சரி, சண்டை வந்தால் யார் முடிவு செய்வது? உலகம் முழுக்க இருக்கிற அமைப்புக்கு மேலிடம் என்று ஒன்று இருக்குமே.

முருகேசன்: மேலே இருப்பதே குழுக்கள்தான். அதன் கீழே மாவட்டம், பல மாவட்டங்கள் சேர்ந்த பகுதி, வருடாந்திர மாநாடு, கடைசியில் அறங்காவலர் வாரியம். அலுவலகத்தில் சம்பளத்துக்கு ஆட்கள் உண்டு, ஆனால் அவர்கள் எந்தக் குழுவுக்கும் உத்தரவு போட முடியாது. யாரையும் நீக்கவும் முடியாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் அவர் உறுப்பினர், அவ்வளவுதான்.

முருகேசன்: 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இதைத் தொடங்கியவர்கள் பில் டபிள்யூ., டாக்டர் பாப் இருவரும். 1950 நவம்பரில் டாக்டர் பாப் இறந்தார். அடுத்த வருஷமே பிரதிநிதிகளின் முதல் மாநாடு கூடியது. 1955இல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் பில் பொறுப்பை உறுப்பினர்களிடமே ஒப்படைத்துவிட்டார். அப்போது அவருக்கு 60 வயதுகூட ஆகவில்லை. தொடங்கியவர் திடமாக இருக்கும்போதே விலகிக்கொள்வதை எத்தனை அமைப்பில் பார்த்திருக்கிறோம்?

செல்வி: அறங்காவலர்கள் எல்லோருமே குடியிலிருந்து மீண்டவர்களா மாமா?

முருகேசன்: இல்லை. அமெரிக்கா, கனடாவுக்கான வாரியத்தில் 21 பேர், அதில் 7 பேர் குடிநோயாளிகள் அல்லாதவர்கள். முதலில் அவர்கள்தான் பெரும்பான்மை. மீண்டவர்கள் திரும்பக் குடித்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். 1966இல்தான் அது மாறியது. அந்த 7 பேர் பெயரோடும் முகத்தோடும் வெளியுலகத்திடம் பேசலாம், அதுவும் ஒரு வசதி.

பிரபு: அப்படியானால் எல்லாமே ஓட்டுத்தானா?

முருகேசன்: ஓட்டு உண்டு, ஆனால் ஓட்டோடு முடியாது. போன மாதம் எங்கள் குழுவில் கூட்ட நேரத்தை மாற்றலாமா என்று பேசினோம். எல்லோரும் கை தூக்கினோம், ஒரே ஒரு அம்மா மட்டும் தூக்கவில்லை. ஓட்டு முடிந்த பிறகும் எதிர்த்தவர் பேச இடம் கொடுப்பது வழக்கம். அவர் எழுந்து, "இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள் மூன்று பேர் இன்றைக்கு வரவில்லை. அவர்களுக்கு இருப்பது இந்த ஒரு கூட்டம்தான்" என்றார். அறையே அமைதியாகிவிட்டது. மறுபடி ஓட்டெடுத்தோம், பழைய நேரமே நின்றது. குழு மனசாட்சி என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

முருகேசன்: பகுதி அளவில் வருடாந்திர மாநாட்டுக்கான பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பல சுற்றுக்குப் பிறகும் யாருக்கும் கிடைக்கவில்லை என்றால் பெயர்களைத் தொப்பியில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அணி சேர்த்துக்கொண்டு பதவி பிடிக்க வழியில்லை.

கமலா: குலுக்கியா! கேட்கவே நன்றாக இருக்கிறது. நான் ஒரு நாள் வந்து பார்க்கலாமா தம்பி?

முருகேசன்: திறந்த கூட்டத்துக்குத் தாராளமாக வரலாம் அக்கா. மற்றது உறுப்பினர்களுக்கு மட்டும்.

லதா: அண்ணி, என்னோடு அல்-அனானுக்கும் வாருங்கள். குடும்பத்தாருக்கானது, பில் அவர்களின் மனைவி லோயிஸ் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து 1951இல் தொடங்கியது. அங்கேயும் இதே முறைதான். அடுத்த மாதத்திலிருந்து புத்தக மேசை என் பொறுப்பு.

கமலா: வருகிறேன். எத்தனை மணிக்கு?

லதா: கூட்டம் ஆறு மணிக்கு. நாம் ஐந்தரைக்கே போய்விடலாம், நாற்காலி போட ஆள் வேண்டும்.