மறு: மறு: வட்டில் மேகம் மோதுவதற்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை பேனர் அச்சுக்குப் போகிறது. கடலூரில் எங்கள் பள்ளிக் கண்காட்சியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எம்101 விண்மீன் மண்டலத்தைப் பற்றிப் பேசப்போகிறார்கள். தொலைவு சுமார் 2.1 கோடி ஒளியாண்டு. அதன் ஹைட்ரஜன் வட்டில் (disk: சுழலும் தட்டையான வாயுப் பரப்பு) பெரிய ஓட்டையும், அருகே அதிவேக வாயுத் திரளும் இருப்பதை 1988-இல் வெளியான ஆய்வு காட்டியது. வெளியிலிருந்து வாயு மேகங்கள் வந்து விழுந்திருக்கலாம் என்றது. அந்த நிகழ்வுக்குத்தான் பெயர் கேட்டேன்.

> வட்டு வேண்டாம், திகிரி என்க. "காவிரி நாடன் திகிரிபோல்" என்று இளங்கோவே சுழற்சியோடு சொன்னார்.

ஐயா, சுழற்சி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது சோழனின் ஆணைச் சக்கரம். வட்டோ குறளின் வட்டாட்டம் முதல் இன்றைய கணினி வன்வட்டு (hard disk) வரை புழங்குகிறது. கருப்பட்டி வட்டுபோலத் தடிப்பாகத் தோன்றும் என்ற புதுச்சேரி அம்மாவின் கவலை நியாயமானது: நம் பால்வழியின் குறுக்களவு ஒரு லட்சம் ஒளியாண்டு, தடிமன் ஆயிரம்தான். அப்பளம் என்று சொல்லிப் புரியவைத்துவிடுவேன்.

> முகில் + மோதல் = முகின்மோதல். நன்னூல் விதி.

கல் + மலை = கன்மலை போல. விதி சரி, ஆனால் 'முகின்' என்பதில் பிள்ளைக்கு முகில் தெரியாது. பிரித்தே எழுதுகிறேன்.

எனக்கு உறுத்துவது 'மோதல்'. நம் பால்வழியை நோக்கி விழுந்துவரும் வாயுத் திரளான ஸ்மித் மேகம் 11,000 ஒளியாண்டு நீளம்; நம் வட்டைத் தொட இன்னும் ஏறக்குறைய 3 கோடி ஆண்டு. அவ்வளவு நீண்டது வந்து விழுவதை, பஸ்ஸும் லாரியும் இடித்ததுபோல் எப்படிச் சொல்வது? தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்று வெள்ளம் கடலில் பாய்வதைப் பார்த்தவன் நான். 'பாய்ச்சல்' என்கிறேன். ஒரு மாணவி, "'தானே' புயல் கரையைக் கடந்த மாதிரி வட்டைக் கடக்குமா சார்?" என்றாள். 'வட்டுக்கடப்பு' அவள் தந்தது. அதையும் எண்ணிப்பாருங்கள்.

---

ஐயா,

இரு விண்மீன் மண்டலங்கள் மோதினால் விண்மீன்கள் ஒன்றையொன்று உரசாமல் விலகிப்போகும். வாயு அப்படிப் போகாது. வாயுவை வாயு தடுக்கும், அதிர்ச்சி அலை எழும், நெருக்குண்ட இடத்தில் புது விண்மீன் பிறக்கலாம். ஆகவே மோதல்தான். கெடிலம் கடலை அதிரவைப்பதில்லை.

---

ஆறு பேர் மோதல் என்கிறீர்கள். 'வாயுமுகில் மோதல்' என்றே அனுப்புகிறேன். படவிளக்கத்தில் மட்டும் 'வட்டின்மேல் பாய்கிறது' என்று வினையாக வைத்துக்கொள்கிறேன்.

---

வாயு என்ற வடசொல்லையும் முகில் என்ற தமிழ்ச்சொல்லையும் ஒட்டாதீர்கள். வளிமுகில், இல்லையேல் வாயு மேகம். அச்சுக்கு இன்னும் ஒருநாள் இருக்கிறதே?