கோயிலுக்குப் பின்னால் பார்த்தீனியம்: எப்போது இறங்கினால் ஒழியும்?

தோட்டத்துப்பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் மலேசியா, உலு சிலாங்கூரில் பத்தாங் காலி பக்கம். பழைய ரப்பர் தோட்டம், தொழிலாளர் வீடுகளான லயங்களை இடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது, மாரியம்மன் கோயில் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலம் முழுக்க இப்போது பார்த்தீனியம் களை, மலாய்க்காரர்கள் ரும்பாய் மியாங் மெக்சிகோ என்கிறார்களே, அதுதான். இலையைப் பார்த்து முதலில் பச்சையாகத் தின்னும் உலாம் ராஜா கீரை என்று நினைத்து விட்டுவிட்டோம். போன தீபாவளிக்கு முன்னால் கோத்தோங் ரோயோங் போட்டு, அதாவது ஊரே கூடி, புல் மெஷினால் எல்லாவற்றையும் அடித்துத் தள்ளினோம். செடி அப்போது இடுப்பளவு, உச்சியெல்லாம் வெள்ளைப் பூ. ஒரு வாரம் சுத்தமாகத்தான் தெரிந்தது. மழை பெய்ததும் பாய் விரித்த மாதிரி முளைத்து, சாக்கடை ஓரம் வரைக்கும் போய்விட்டது. மெஷின் பிடித்த இரண்டு பையன்களுக்குக் கையிலும் கழுத்திலும் தடிப்பு. என் அம்மா தினமும் விளக்கு வைக்க அந்த வழியாகத்தான் போகிறார், அவருக்கு ஆஸ்துமா வேறு. இந்த வருஷமாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். எந்த மாதம் இறங்குவது, மருந்து அடிப்பதா, கையால் பிடுங்குவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பெரட்டுக்களம்:
தம்பி, பூத்த செடியை மெஷினால் அடித்ததுதான் வினை. காய்ந்த பூ ஒன்றை உதிர்த்துப் பார்த்தால் உள்ளே ஐந்து கறுப்பு விதை இருக்கும், மண் துகள் அளவுதான். நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 விதைக்கு மேல் போடும். அத்தனையையும் மெஷின் கத்தி நாலு பக்கமும் வீசிவிட்டது, மேலே வெட்டிய அடிக்கட்டையும் திரும்பத் துளிர்த்திருக்கும்.

மாதத்தைப் பார்க்காதீர்கள், மழையைப் பாருங்கள். நம் பக்கம் ஏப்ரலிலும், பிறகு அக்டோபர் நவம்பரிலும் மழை கூடும். மழை பிடித்த மூன்றாவது வாரம் இறங்குங்கள். அப்போது செடி தண்டு எழும்பாமல் தரையோடு தட்டு மாதிரி படுத்திருக்கும், மண்ணும் ஈரமாக இருப்பதால் அடியில் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். முளைத்த நாலைந்து வாரத்தில் பூ எடுக்கக்கூடிய செடி, அதனால் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று தள்ளிப் போட்டால் போன வருஷக் கதைதான். ஒரு தடவையோடு விடவும் கூடாது. மண்ணுக்குள் புதைந்த விதை வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஆகவே மூன்று வாரத்துக்கு ஒரு தரம் ஒரு சுற்று போய் வாருங்கள்.

மருந்து பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் முழுத் தடை. பழைய போத்தல் இருக்கிறது என்று யாராவது கொண்டு வந்தால் தொடாதீர்கள். நான் பல வருஷம் தோட்டத்தில் முதுகில் மருந்துத் தோம்பு சுமந்து அடித்தவள். கையுறை கொடுக்காமல் அடிக்க விட்டார்கள். என் வலது கைக் கட்டைவிரல் நகம் முதலில் மஞ்சளாகி, அப்புறம் கறுத்து, ஒரு நாள் சோறு பிசையும்போது கழன்று வந்தது. கோயில் நிலத்தில் பிள்ளைகள் ஓடுவார்கள், கையாலேயே பிடுங்குங்கள்.

வெள்ளாடு:
அக்கா சொன்ன மூன்றாவது வாரக் கணக்கு சரி. எளிதாக வேண்டுமென்றால் உப்பைக் கரைத்து அடிக்கலாம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம், வெயில் நேரத்தில் அடித்தால் இலை கருகிவிடும். இன்னொன்று, பிடுங்கிய செடியை ஆடு மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். மாடு தானாக இதைத் தேடி மேயாது, ஆனால் அறுத்த புல்லோடு கலந்து போனால் தின்றுவிடும். என் பசுவுக்கு அப்படித்தான் வாய் புண்ணாகி, பால் கசந்துபோய் ஒரு வாரம் கீழே ஊற்றினேன்.

பெரட்டுக்களம்:
உப்பு ரோட்டோரத்துக்குச் சரி. கோயிலென்றால் வேப்பமரம், துளசி எல்லாம் இருக்குமே. அந்த மண்ணில் உப்பை இறக்க வேண்டாம்.

கிளினிக்_அக்கா:
நான் கிளினிக்கில் வேலை செய்கிறேன், இந்தத் தடிப்போடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். நூல் கையுறை போதாது, சாறு ஊறி உள்ளே இறங்கும். ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, முகக்கவசம் மூன்றும் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். போன வருஷம் தடிப்பு வந்த அந்த இரண்டு பையன்களை இந்தத் தடவை செடிப் பக்கமே விடாதீர்கள், உடம்பு ஒரு முறை ஒவ்வாமையைப் பழகிக்கொண்டால் அடுத்த முறை கொஞ்சம் பட்டாலே கிளம்பும். அம்மாவுக்குப் பூ மகரந்தமே பகை. வேலை முடிகிற வரைக்கும் விளக்கு வைக்க வேறு யாராவது போகட்டும்.

பழைய_வாத்தியார்:
இந்தச் செடி நம் நாட்டில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது உங்கள் உலு சிலாங்கூரில்தான், 2013இல். லாரி டயர், மண் லோடு, சாணம் எல்லாவற்றிலும் விதை பயணம் போகும், அதனால் நிலத்தைவிட்டு வெளியே வருமுன் சப்பாத்தையும் மண்வெட்டியையும் அங்கேயே கழுவுங்கள். மாவட்ட விவசாய இலாகாவுக்கும் சொல்லிவிடுங்கள், வந்து பார்ப்பார்கள். பிடுங்கிய இடத்தை வெறும் மண்ணாக விட்டால் இதுதான் முதலில் வந்து உட்காரும். செண்டுமல்லியை நெருக்கமாக விதைத்துவிடுங்கள், அது இதை அமுக்கும், சாமிக்கு மாலையும் ஆகும்.

தோட்டத்துப்பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. மெஷின் வேண்டாம் என்று வாட்சாப் குழுவில் இப்போதே போட்டுவிட்டேன். மழை பிடித்ததும் நாள் பார்த்து மூன்றாவது ஞாயிறு, காலை ஏழு மணிக்கு. அம்மாவை அதுவரை தங்கச்சி வீட்டில் விடுகிறேன், விளக்கை நான் வைக்கிறேன். பிடுங்கிய செடியை என்ன செய்வது? எரிக்கலாமா?

பெரட்டுக்களம்:
எரிக்க வேண்டாம் தம்பி, திறந்தவெளியில் எரித்தால் அபராதம் போடுவார்கள், புகையும் அக்கம்பக்கத்துக்கு ஆகாது. தடித்த கறுப்புப் பையாக வாங்குங்கள். பாதி மட்டும் நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டி, சில வாரம் வெயிலில் போட்டால் உள்ளேயே வெந்துவிடும். ஈரச் செடி கனம், முழுசாக நிரப்பினால் தூக்கும்போது கிழியும். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், நான் இருப்பது கோல குபு பாருதான், வந்துவிடுகிறேன்.